நாற்பது வரி

மாலை ஐந்துக்குள் நாற்பது வரி வேண்டுமாம்.
படம் அவர்களிடமே இருக்கிறதாம்.
ஞாயிறு மலர்ப் பையன் பணிவாகத்தான் கேட்டான்:
"அவரை நல்லாத் தெரிஞ்சவர் நீங்கதானே, சார்?"

எழுதுகிறேன்.
அ. வைரக்கண்ணு. பிறப்பு, பெர்த்தாம் தோட்டம்.
பினாங்குத் துறைமுகத்தில் ஒன்பது ஆண்டு சரக்குக் கணக்கர்.
பகலில் மூட்டை எண்ணிய விரல்
இரவில் அசை எண்ணியது.
(பரவாயில்லை, இது அச்சேறும்.)
பிறகு கோலாலம்பூர், பல்கலைக்கழகம், முனைவர் பட்டம்.
கவிதைத் தொகுதி மூன்று.
மூன்றாவதை அவரே திரும்ப வாங்கினார்,
பக்கம் பதினொன்றில் தளை தட்டுகிறதென்று,
கடை கடையாய் ஏறி,
லெபோ பாசாரில் கடைசிப் பிரதிக்கு
முழு விலை கொடுத்து.

எழுபத்தெட்டில் என் புத்தகத்துக்கு மதிப்புரை தந்தார்.
மொத்தமே இரண்டு சொல்: "தாள் நன்று."
இதை எழுதப்போவதில்லை.

தீவுக்கு மாற்றலாகி வந்தபின் பதினாறு ஆண்டு
ஒரே ஃபெர்ரியில் பட்டர்வொர்த் போய்வந்தோம்.
அவர் முன்தளம், நான் பின்தளம்.
மழையென்றால் மட்டும் நடுவில்,
ஆளுக்கொரு தூணைப் பார்த்தபடி.

அவருடைய பெரிய ஆய்வு நூல், பக்கம் நானூற்றுப் பன்னிரண்டு.
துறைமுக வேலைநிறுத்தத்தில் கைக்குக் கை போன
துண்டுத்தாளிலிருந்து இரண்டு வரி:

    மூட்டையை இறக்கிய பிறகும்
    குனிந்தே போகிறது நிழல்

அடிக்குறிப்பு: எழுதியவர் பெயர் கிடைக்கவில்லை.
தேடியிருக்கிறார். தொழிற்சங்க அலுவலகம், அச்சகம்,
செத்துப்போன செயலாளரின் மனைவி வீடு வரைக்கும்.
கடைசியில், அந்த நூல் முழுக்க
வேறு எவனுக்கும் கொடுக்காத ஒரு சொல்:
"வல்லவன்."

எனக்கு அப்போது இருபது வயது.
ஸ்டென்சில் தாளில் ஆணியால் கீறியது.

சொல்லியிருக்கலாம்.
ஒருமுறை அவராகவே திரும்பி
"குடை இருக்கா?" என்றார்.
இல்லை என்றேன்.
இருந்தது, பைக்குள்.

நாலே முக்கால். முப்பத்தொன்பது வரி ஆகிவிட்டது.
"ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று போட்டால் நாற்பது.
அவர் இருந்தால் சிவப்பு மையால் அடிப்பார்.
நானே அடித்தேன்.

பையன் மறுபடி அழைக்கிறான்.
வந்துவிட்டதாம், நன்றியாம்,
ஒரு வரி குறைகிறதாம், படத்தைப் பெரிதாக்கிச் சரிக்கட்டிவிடுவார்களாம்.
"கீழே யார் பேரைப் போடறது, சார்?"

கொஞ்ச நேரம்
ஃபெர்ரிச் சங்கு மட்டும்தான் கேட்டிருக்கும் அவனுக்கு.