இப்படிக்கு

பேர் தெரியாத ஆளுக்கென்றால்
யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி.
தெரிந்துவிட்டால் சின்சியர்லி.
பாலக்கோட்டு டைப்ரைட்டிங் கிளாஸில்
ஏ எஸ் டி எஃப்போடு சேர்த்துப் படித்தது.

ஓசூர் கம்பெனிக்குப் பதினோரு கடிதம்.
டியர் சார். டியர் சார்.
அடியில், விசுவாசமுள்ள நான்.
பிரஸ் மெஷின் என் இடது ஆள்காட்டி விரலை
எடுத்துக்கொண்டதில்
எஃப் அடிக்க நடுவிரல் ஒரு கட்டம் தள்ளிப் போகவேண்டும்,
ஒவ்வொரு ஃபெய்த்ஃபுல்லிக்கும் இரண்டு தடவை.

நேற்று பதில் வந்தது.
ரெக்ரெட் என்று ஒரு சொல்,
நஷ்டஈடு பற்றி ஒன்றுமில்லை.
ஆனால் கையெழுத்துக்குக் கீழே
சீல் மசியில் பாதி அழிந்து
வெ. திம்மராயன்.

இனிமேல் நீங்கள் சார் இல்லை, திம்மராயன்.
பன்னிரண்டாவதை ராத்திரி ஷிஃப்ட் சத்தத்தில்
அடித்துக்கொண்டிருக்கிறேன்.
எஸ், மோதிர விரலுக்கு உரியது.
அது இருக்கிறது.