இரண்டரை மணி நேரம்

தோஹாவில் ஒன்பது என்றால்
கீழக்கரையில் பதினொன்றரை.
இந்தக் கணக்கு மர்ஜானாவுக்கு
ரெண்டாம் வாய்ப்பாட்டுக்கு முன்பே தெரியும்.

ஜெட்டியில் நின்று
அதோ அந்தக் கோடுதான் அப்பா தீவு என்று காட்டியபோது
'வாப்பா தீவு எங்கே உம்மா?' என்று கேட்டவள்.

கடை ஷட்டரை இறக்கி, பஸ் பிடித்து,
எட்டுப் பேர் அறையின் கீழ்க்கட்டிலில்
அவர் கால் நீட்டும்போதுதான் முகம் வரும்.
அதுவரை இவள் விழித்திருக்க வேண்டும்.

விழித்திருக்க ஒரு பூனை.
சுவரில் மோதிச் சப்பையாகி
மறுபடி எழுந்து ஓடும் பூனை.
பிறகு யாரோ ஒரு சிறுமி
பொம்மைப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டே இருப்பாள்.
பிறகு சோப்பை வெட்டும் கத்தி.
ஏன் சோப்பை வெட்டுகிறார்கள் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
நானும் பார்த்தேன்.

ஆறேகாலுக்கு ஓதப் போகணும்.
முக்காடு கோணிக்கிடக்க, ஒரு கண்ணை மூடியபடி
தெருமுனைவரை என் கையில் தொங்கிக்கொண்டு வருவாள்.
ஐஸ் ஏற்றிப் போகும் குட்டியானை
காதருகே ஹாரன் அடித்தாலும்
அந்தக் கண் திறக்காது.

செவ்வாய்க்கிழமை டைரியில் சிவப்பு மை:
'வகுப்பில் தூங்கி விழுகிறாள்.
இரவில் போன் கொடுக்க வேண்டாம்.
ஜெபராணி.'
பெற்றோர் கையொப்பம் என்ற கோட்டில்
என் பெயரை எழுதினேன்.
இன்னொரு கோடு இல்லை அங்கே,
போன் என்பது யார் என்று எழுத.

ராம்நாட்டு டாக்டரும் அதையேதான் சொன்னார்.
படுக்கப் போகுமுன் திரை ஆகாதாம்.
அந்த வெளிச்சம் மூளையிடம்
பொழுது இன்னும் சாயவில்லை என்று பொய் சொல்லுமாம்.
தலையாட்டினேன்.
முழுப் பொய்யா அது, டாக்டர்?
ஒரு ஊரில் மணி ஒன்பதுதானே.

அவரிடம் சொல்லவில்லை.
மற்றவர்கள் உறங்க வேண்டுமென்று
விளக்கணைத்த அறையில்தான் பேசுவார்.
அவர் முகத்தில் விழும் வெளிச்சம்
இவள் முகத்திலிருந்து போவது.
இவள் இளித்தால்
அவர் நெற்றி கொஞ்சம் வெளுக்கும்.
'விழுந்த பல்லைக் காட்டு,
இன்னும் கிட்ட வாம்மா' என்பார்.

வியாழன் இரவு
அழைப்பை எடுத்து
போனைத் தலையணையில் குப்புறப் போட்டேன்.
'நெட்டு இழுக்குது, படம் வராது.'
என் பொய் இது.

மர்ஜானா ஒரு பாட்டம் அழுதாள்.
பாயை உதைத்தாள்.
வாப்பா வேணும் பூனை வேணும் வாப்பா வேணும் என்று
எது வேண்டுமென்பது அவளுக்கே குழம்பியது.

இருட்டில் குரல் மட்டும்.
இன்றைக்குக் கடைக்கு ஒரு ஆள் வந்தானாம்,
ஆறு தர்பூசணியை வரிசையாக வைத்து
ஒவ்வொன்றாய்த் தட்டித் தட்டிப் பார்த்தானாம்.
டொக் டொக் என்று அவர் சொல்ல
இவள் விசும்பலோடு சுவரில் டொக் டொக்.
இரண்டாவது பழம். டொக் டொக்.
மூன்றாவதுக்குக் கொஞ்சம் தாமதம்.
நான்காவதுக்கு ஒரே ஒரு டொக்.
ஐந்தாவதுக்குப் பதில் வரவில்லை.

'புள்ள இருக்காளா?'
'உறங்கிட்டா.'

ஆறாவது பழத்தை
அவர் சொல்லவே இல்லை.

போனைத் திருப்பினேன்.
அவர் முகம் இருக்கவேண்டிய இடத்தில்
கறுப்பு. கட்டில் கம்பி மட்டும் மங்கலாக.
இங்கிருந்து போக வெளிச்சம் இல்லையே.
'அவளைக் காட்டு' என்றார்.
இருட்டுக்கு இருட்டைக் காட்டினேன்.
'தெரியுது' என்றார்.

அவர் வைத்தபோது பன்னிரண்டு பத்து.
கடல் பக்கம் ஏதோ வல்லத்தின் மோட்டார்
இரண்டு முறை இருமி நின்றது.
இவள் வாய் திறந்து
உறங்குகிறாள், தலையணை நனைய.
எனக்குத்தான் பிடிக்கவில்லை உறக்கம்.
எனக்கு டைரியும் கிடையாது.
போர்வைக்குள் போனை இழுத்து
வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு
அந்தச் சோப்புக் கத்தியைத் தேடினேன்.