எண்ணூருக்கு மேலே, இடது இன்ஜின் இல்லாமல்

எட்டாயிரம் அடியில்
இடது இன்ஜினை நாங்களாகவே நிறுத்தினோம்.
சத்தம் பாதியாகவில்லை,
ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

கீழே அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டை,
கொசஸ்தலை கடலுக்குள் விடும் கலங்கல்,
துறைமுக வாயிலில் முறைக்குக் காத்திருக்கும்
நிலக்கரிக் கப்பல்.

வால்பக்கம் பன்னிரண்டு மணல்மூட்டை.
பாரம் பின்னால் இருந்தால்தான்
விமானம் தன் கெட்ட குணத்தைக் காட்டும்.
மூட்டைகளின் வாயைக் கோணி ஊசியால்
நான்தான் தைத்தேன்.

வலது இன்ஜின் முழு விசையில்.
கேப்டன் மெர்வின் மூக்கைத் தூக்கத் தூக்க
விநாடிக்கு ஒரு நாட் குறைகிறது.
நூற்றிரண்டு. நூற்றொன்று.
செத்த பக்கம் இழுக்கிறது.
அவருடைய வலது கால் மிதியை அழுத்துகிறது.
உயிருள்ள பக்கம் ஐந்து டிகிரி சாய்கிறோம்,
அதற்கு மேல் சாயச் சட்டத்தில் இடமில்லை.
தொண்ணூற்று நான்கு.
முழங்கால் நடுங்குவது பேன்ட்டுக்கு மேலேயே தெரிகிறது.
தொண்ணூற்றொன்று.
மிதி முட்டிவிட்டது, இனி அழுத்த ஒன்றுமில்லை.
எண்பத்தொன்பது.
கிழக்கே பார்த்திருந்த மூக்கு
பழவேற்காட்டுப் பக்கம் நழுவிற்று.

அப்போது செய்ய வேண்டியதை
எத்தனை முறை படித்தாலும் கை நம்பாது:
ஓடுகிற இன்ஜினைக் குறை.
புரட்டுவது செத்த இன்ஜின் அல்ல,
அது பாட்டுக்குச் சும்மா இருக்கிறது.
தனியாக முழு மூச்சில் இழுக்கிறதே,
அதுதான்.

குறைத்தார். மூக்கைத் தாழ்த்தினார்.
கடல் கண்ணாடியில் ஏறி
பிறகு தன் இடத்துக்கு இறங்கிப் போனது.
நானூறு அடி செலவு.
"எழுதிட்டியா ஜெசிந்தா?"
"எண்பத்தொன்பது."
"இன்னொரு தரம்."

ஏழு தரம்.
இனி அது வேகமானியில் ஒரு சிவப்புக் கோடு.
முகம் தெரியாத யாரோ
ஏதோ ஒரு மழையில் அதைப் பார்ப்பார்.

சாயங்காலம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே
ஷேர் ஆட்டோ என்னைக் காசிமேட்டில் கொட்டியது.
அக்கா பிலோமி இறால் ஷெட்டில்.
தை மாதம் சூசை போட்டோடு போனதிலிருந்து
விடியலில் ஏலக்கூடை,
மத்தியானம் ஐஸ் கம்பெனிக் கணக்கு,
ராத்திரி இது.
பிள்ளைகளின் டைரியில்
அப்பா கையெழுத்து, அம்மா கையெழுத்து என்று இரண்டு கோடு.
இரண்டிலும் இவளே போடுகிறாள்.

"இன்னிக்கு என்னாத்தடி பறக்க வுட்ட?"
"ஒரு இன்ஜின ஆஃப் பண்ணிப் பாத்தோம்."
"அதுக்குச் சம்பளம் வேற!"
சிரித்தாள். விரல் நிற்கவில்லை.
பெருவிரல் நகத்தோரம் தோல் வெளுத்துப் பிரிந்திருந்தது.

கொஞ்சம் குறைச்சுக்கோ என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அந்த வைத்தியத்துக்கு உயரம் வேண்டும்.
எங்களுக்கு எட்டாயிரம் அடி இருந்தது.
அவளுக்குக் கீழே
ஷெட்டின் ஈரத்தரை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு
ஒரு கூடையை என் பக்கம் நகர்த்தினேன்.
ஏற இறங்கப் பார்த்தாள்.
"வால வுட்டுட்டு உரி," என்றாள்,
"வால் போச்சுன்னா காசு கொறைப்பான்."