ஆறு மூட்டை

எண்ணெய்த் தோம்பை நெடுக்காய்ப் பிளந்ததும்
"பனி தள்ளுற வண்டி மாதிரியே!" என்றான் குலசேகர்,
பனியை ஐஸ்பெட்டியில் மட்டும் பார்த்தவன்.

கோல்ஃப் கிளப் கழித்த பேட்டரி வண்டிக்கு
அரைத் தோம்பு முகம்,
டயர் ரப்பர் கீழுதடு,
தூக்கி இறக்க சைக்கிள் செயின்.
ஆ ஹெங்கின் வெல்டிங்; காசு பிறகு.

சுங்கை பினாங் வடிந்த மறுநாள்
கணுக்கால் சேற்றில் இரண்டடி தள்ளியது.
அப்புறம் பின்சக்கரம் சும்மா சுழன்று
என் முகத்தில் வாரியடித்தது.
கனம் போதவில்லை.

மைமூன் பீவி
கடைக்குள் கை காட்டினார்:
வெள்ளம் குடித்து ஊதிய அரிசி.
"ஏத்துங்க. வேறெதுக்கு ஆகும்?"

நகர்ந்தது.
சேறு சுருண்டு சுருண்டு ஓரம் போனது.
தெருமுனைத் திருப்பத்தில் ஒரு மூட்டை கிழிந்து
வழித்த தாரில் வெள்ளையாய்க் கொட்டியது.

குலசேகர் வாயைத் திறந்தான்.
மைமூன் பீவியைப் பார்த்தான்.
மூடிக்கொண்டான்.