இரவல் கடற்கரை

செவ்வாய் இரவு பத்து மணி.
பொதுத் தொலைக்காட்சியில் எங்கள் வீடு.
ஐம்பத்தாறு நிமிடம், சில்லறை விநாடிகள்.
அக்கா நத்தெர்சியா ஆறு வருடம் எடுத்த படம்,
முக்கால்வாசி கடனில்.
கடைசி எழுத்துகளில் நானும் வருவேன்:
ஒலி, செஃபெரினோ மெதெய்ரோஸ்.
கண் சிமிட்டினால் போச்சு.

ஃபால் ரிவரில் எங்கள் தெரு
அன்றைக்குச் சீக்கிரம் படுக்கவில்லை.
அம்மா துணி மடித்துக்கொண்டே பார்த்தாள்.
ஆலை வாசலில் அப்பா நிற்கும் புகைப்படம் வந்தது.
"அந்தக் கோட்டு இரவல்" என்றாள்.
மேற்கொண்டு பேச்சில்லை.

பிறகு அந்தக் கடற்கரை.

சொல்லிவிடுகிறேன், எங்களிடம் கேமரா இருந்ததே இல்லை.
அசோரஸ் தீவிலிருந்து தையல் மிஷின் வந்தது,
ஒரு சிலுவை வந்தது, கடன்சீட்டுகள் வந்தன.
எங்கள் பால்யம் மொத்தம் நான்கு புகைப்படம்;
ஒன்றில் நான் வெறும் முதுகு.
படத்துக்கோ அசைகிற பிள்ளைகள் வேண்டும்.
ஞாயிற்றுச் சந்தையில் ஒரு ஷூ பெட்டி,
பதினோரு சூப்பர் எட்டுச் சுருள்கள், இருபது டாலர்.
யார் வீட்டுக் கோடையோ.

சிவப்பு நீச்சலுடையில் ஒரு சிறுமி ஓடுகிறாள்.
குடையடியில் ஒரு பெண்
நெற்றியில் கை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு
நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள்.
மேலே அக்காவின் குரல்:
"இந்தக் கோடைக்குப் பிறகு
என் அம்மா தியோலிண்டா சிரித்ததில்லை."

அம்மா தலையணை உறையை உதறினாள்.
"யார் இவள்? எனக்கு ஏது கடற்கரை?
ஞாயிற்றுக்கிழமையும் இரண்டாவது ஷிஃப்ட்."
"ஒரு உணர்வுக்காகப் போட்டது, அம்மா."
"உணர்வா" என்றாள்,
அடுத்த உறையை எடுத்தாள்.

போன் அடித்தது. எதிர்வீட்டு ஒதிலியா.
மணலில் நீங்கள் இரண்டு பேரும் என்ன அழகு,
அந்தத் தொப்பி எனக்கு நன்றாக ஞாபகம்!
அக்கா நன்றி சொன்னாள்.
எனக்கும் ஒரு நொடி
உள்ளங்காலில் மணல் சுட்டது.

பதினைந்து நாள் கழித்து
நிலையத்திலிருந்து ஒரு கடிதம் கைமாறி வந்தது.
கிஸ்லேன் போத்வான், வூன்சாக்கெட்.
"சிவப்பு உடையில் ஓடுவது நான்.
குடையடியில் இருப்பவர் என் அம்மா லூசியென்.
எழுபத்திரண்டில் இறந்தார், எனக்கு ஆறு வயது.
எப்படித் தலை திருப்புவார் என்பதே மறந்திருந்தேன்.
அப்பா போனதும் அண்ணன் வீட்டைச் சாமானோடு விற்றான்,
பெட்டிகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.
உங்கள் படத்தில் அம்மாவுக்கு வேறு பெயர்.
வழக்கெல்லாம் போட மாட்டேன்.
அந்தக் குரல் இல்லாமல் கிடைக்குமா?"

அக்கா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.
அடுத்தவரைக் கேள்வி கேட்டே பழகியவள்.
பிறகு சுருள்களைத் துண்டில் சுற்றி,
துண்டை இன்னொரு துண்டில் சுற்றி அனுப்பினாள்.
ஓடவிட்டுப் பார்க்கப் பிரதி செய்வது என் வேலை.
அக்காவின் குரலை எடுத்தேன்.
கடலையும் எடுத்தேன்;
சூப்பர் எட்டு ஊமை, அலை நான் ஒட்டவைத்தது.
நான்கு நிமிடம், பத்து விநாடி.
துடைத்துவிட்ட மௌனம்.

வெள்ளிக்கிழமை கிஸ்லேனே கூப்பிட்டார்.
"அலையை மட்டும் திரும்பப் போடுவீர்களா?
சத்தமில்லாவிட்டால்
அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்."

போட்டேன்.
போட்டதைச் சொன்னேன், எதைப் போட்டேன் என்று சொல்லவில்லை.
நவம்பரில் ஹார்ஸ்நெக் வரை மைக்கோடு போனேன்,
கிடைத்தது காற்று மட்டும்.
வீட்டில் அம்மா குளியல் தொட்டியில்
போர்வை அலசிக்கொண்டிருந்தாள்.
கதவிடுக்கில் மைக்கை நீட்டினேன்.
முக்கி, இழுத்து, முக்கி, இழுத்து.
வேகத்தைப் பாதியாக்கினேன், கடல் வந்துவிட்டது.

வூன்சாக்கெட்டில் இப்போது
லூசியென் நெற்றியில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருப்பார்.
மூன்றாவது நிமிடத்தில், இரண்டு அலைகளுக்கு நடுவே,
என் அம்மா ஒருமுறை இருமுவாள்.
வேகம் குறைந்ததில் அது
பனிமூட்டத்தில் தூரத்துக் கப்பல் ஊதுவதுபோல் இருக்கும்.
அழிக்க மறந்துவிட்டேன்
என்று வைத்துக்கொள்ளுங்கள்.