தொடாத இடம்

கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தோன் ஓனோஃப்ரே.
இந்த நைலான் இழை பாதத்தில் படும்போது
ஆமாம் என்று சொன்னால் போதும்.

கட்டைவிரல் நுனி. ஆமாம்.
நடுப்பாதம். ஆமாம்.
பிறகு கையை விலக்கிக்கொண்டு
ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
வால்பராய்சோ துறைமுகத்தில் ஒரு கிரேன்
பெட்டியைத் தூக்கியபடி எதையோ யோசித்து நின்றது.
ஆமாம், என்றார்.
சற்றுப் பொறுத்து
இன்னொரு ஆமாம்.

இருபத்தாறு வருடம் இந்த மலைத் தெருக்களில் பஸ் ஓட்டியவர்.
என் நாற்காலியின் கிறீச்சை வைத்து
எப்போது தொடுவேன் என்று கணக்குப் போடுகிறார்.
பிரேக்கைக்கூட இப்போது காதால்தான் மிதிக்கிறாராம்.
அவர் சொல்லவில்லை.
போன மாதம் இதே கதவருகே நின்று
ஹிமேனா சொன்னாள்:
'ராத்திரி போர்வை பட்டாலே நெருப்பு என்று கத்துகிறார்,
பகலில் ஆணி ஏறினாலும் தெரிவதில்லை.
எதை நம்புவது, நர்ஸ்?'
அவள் இப்போது மகளின் அறையில் தூங்குகிறாள்.

டிப்போவில் தேநீருக்குச் சர்க்கரை நீட்டிச் சிரிக்கிறார்கள்,
தின்றது நீதானே என்கிறார்கள்.
படிக்கட்டில் அவர் தடுமாறியதைப் பார்த்துத்
தெரு, குடி என்று தீர்மானித்தது.
அவர் மறுக்கவில்லை.
குடித்தவனை இந்தத் தெரு
திங்கட்கிழமைக்குள் மன்னித்துவிடும்.
ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்துக்கு மட்டும்
போவதை நிறுத்திவிட்டார்.

என் படிவத்தில்
வலிக்குப் பத்து எண்கள் உண்டு.
யாரோடு வாழ்கிறீர்கள் என்பதற்கு
ஓர் எறும்பு படுக்கிற அளவு கட்டம்.
கடைசியாக உங்கள் காலைத் தொட்டது யார்
என்று எங்கும் கேட்கவில்லை.

கண்ணைத் திறக்கலாம், என்றேன்.
யாரோ விட்டுப்போன பெட்டியைப் பார்ப்பதுபோல்
தன் பாதத்தைப் பார்த்தார்.
'எத்தனை சரி?'
மூன்று.
'பத்துக்கா?'
பத்துக்கு.
மேசையில் ஓட்டுநர் தகுதித் தாள்,
என் கையெழுத்துக்காக.
பேனா மூடியைக் கழற்றி, திரும்ப மாட்டினேன்.

இடது பாதத்தில் ஒரு பல்வரிசை பதிந்திருந்தது,
சிவந்து, ஓரத்தில் ஈரமாக.
எதுவென்று புரியாமல் ஷூவைக் கவிழ்த்தேன்.
சாவி விழுந்தது.
'லாக்கர் சாவி! செவ்வாய்க்கிழமையிலிருந்து தேடுகிறேன்!'
அவர் சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன்,
அப்புறம் அவர் மட்டும் நிறுத்தத் தெரியாமல்
சிரித்துக்கொண்டிருந்தார்,
கண்ணைத் துடைக்கும் வரை.

புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டேன்.
தினமும் யாராவது அடிப்பாதத்தைப் பார்க்க வேண்டும்,
ஹிமேனாவைக் கூப்பிடட்டுமா, என்றேன்.

கிரேன் பெட்டியை இறக்கி, காலிக் கொக்கியோடு
திரும்பிக்கொண்டிருந்தது.

ஆமாம், என்றார்.
இந்த ஆமாமுக்கு நேரம் பிடித்தது.