எத்தனை ஓம்

பரந்தன் சந்தியில் இது மூன்றாவது கடை.
பழைய மிதவையை ஷொப்பிங் பையில் சுற்றிக்
கொண்டுவந்திருந்தேன்.
"டற்சன் பிக்கப்போ? எல்லாத்துக்கும் பொருந்தும், எடுங்கோ"
என்றார் கனகேந்திரன்.

துளை ஐந்து, சரி.
தண்டு ஒரு விரற்கடை நீளம்,
டாங்கியின் அடியில் இடிக்கும்.
மீற்றரை வைத்துப் பார்த்தேன்:
மிதவை விழுந்தால் பத்து, எழும்பினால் எண்பது.
மறுவளம்.
இதைப் பூட்டினால்
நிரம்பிய டாங்கியை வெறுமை என்னும்,
காய்ந்து நடுறோட்டில் நிற்கையில்
நிறைவு என்னும்.

"அப்ப எத்தனை ஓம் வேணும், தங்கச்சி?"

கேட்டதற்கெல்லாம் ஓம், ஓம் என்று
தலையாட்டிப் பழகின வாய் இது.
இன்றைக்கு எண்ணிச் சொன்னேன்:
வெறுமைக்கு எண்பது,
நிறைவுக்குப் பத்து.

மேல்தட்டில், பல்லி முட்டைகளுக்குப் பின்னால்
ஒரு பெட்டி இருந்தது.
விலை குறைக்கவில்லை.

மண்ணெண்ணெயில் ஓடின நாளிலிருந்து
அரைவாசியிலேயே செத்துக்கிடந்த முள்.
பாலைக் கம்பு விட்டுத்தான்
ஆழம் பார்த்தோம்.

முறிகண்டியில் கச்சான் வாங்கி
மல்லாவிக்குத் திரும்புகையில்
முள் கால்வாசிக்கு இறங்கியது.
"ஐயோ, குறையுதடி" என்றான் நிரோஜன்.

ஓம்.
குறையுது.
எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.